நூல் நூற்கும் பன்றியின் வீடு

சேந்த்-ஓபேர், 4 செப்டம்பர் 1988

அன்புள்ள தம்பி ரெமி,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் லிஸ் நலமா? அங்கே இந்நேரம் குளிர் தொடங்கியிருக்கும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கண்ணாடியை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பத்தாறு வயதில், நாளெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு இது ஒரு வியாதியா என்ன.

ஒரு செய்தி. மாடியை வாடகைக்கு விட்டுவிட்டேன். அம்மா போய்ப் பதினோரு வருடமாக அந்த அறைகள் பூட்டியே கிடந்தன. வந்திருப்பவர்கள் இளம் தம்பதி. மிரேய் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் கணவன் தியெரி ரொட்டி சுடுபவன். காலை எட்டு மணிக்கு மாவு படிந்த புருவத்தோடு வருவான், கல்யாணமாகாதவள் என்பதால் என்னை "மத்மசேல்" என்று கூப்பிட்டு ஒரு சூடான ரொட்டியை வைத்துவிட்டு மேலே போவான், மதியம் மூன்று மணி வரை தூங்குவான். மூலை அறையில், நம் அம்மாவின் கட்டிலில்தான்.

முதல் நாள் வாசலில் நின்று மூலைத்தூணில் செதுக்கியிருக்கும் பன்றியை அண்ணாந்து பார்த்தான். "ஐந்நூறு வருஷமா நூல் நூத்துக்கிட்டு இருக்கு பாருங்க, மத்மசேல். எங்க வீட்டுல ஒரு பட்டன் தைக்க ஆளில்ல." மிரேய் பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "நீ மொதல்ல பட்டனைப் பிய்க்காம சாப்பிடக் கத்துக்க." எத்தனை காலத்துக்குப் பிறகு இந்த வீட்டுக்குள் யாரோ சிரித்தார்கள்!

மாடிக் கதவு தரையில் கொஞ்சம் உரசுகிறது. ஈரத்தில் மரம் ஊதியிருக்க வேண்டும். கீழே நடையில், தூணின் உள்பக்கம், ஒரு கீறல் தெரிகிறது. தலைமுடி அளவுதான். சும்மா சொன்னேன்.

முத்தங்களுடன்,
ஓதில்


ரிமூஸ்கி, கனடா, 21 செப்டம்பர் 1988

என் பெரியவளே,

முழங்கால் பரவாயில்லை. லிஸ் உன்னை விசாரித்தாள். கண்ணாடியை உடனே மாற்று.

மாடிக்கு ஆள் வைக்குமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன். 1974இல் தொல்கட்டடத் துறை அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்த வாரம், அந்தத் தூணுக்குள் நான் கையை விட்டேன். முழங்கை வரை போயிற்று. உள்ளே மரமே இல்லை, ஈரத் தூள்தான். அவர் அதைப் பார்த்திருந்தால் அன்றே வீட்டைப் பூட்டி, படுத்த படுக்கையாக இருந்த அம்மாவை முதியோர் இல்லத்துக்கு அனுப்பியிருப்பார்கள். அதனால் நான் சிமெண்ட் அடைத்தேன், நீ கரைத்துக் கொடுத்தாய். அதன்மேல் பழுப்பு வண்ணம் பூசி, அம்மாவின் சீப்பால் ஓக் மரத்தின் ரேகை இழுத்தோம். அதிகாரி தட்டிப் பார்த்துவிட்டு, "அருமையான தூண்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாம் சமையலறையில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அன்றைக்கு எனக்குத் தெரியாதது இப்போது தெரியும். சுண்ணாம்பு என்றால் மரத்தின் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே பூட்டிவைக்கும். பதினான்கு வருடத்தில் மிச்சமிருந்த மரமும் உளுத்திருக்கும். மாடியின் அந்த மூலை முழுக்க அதன் தலையில்தான் நிற்கிறது.

அவர்களை அங்கே தூங்க விடாதே. முடியாது என்றால் இதையாவது செய். கொத்தனார்கள் செய்வதுபோல அந்தக் கீறலுக்குக் குறுக்கே விரல் நீளத்துக்கு பிளாஸ்டர் பட்டை ஒன்று வை. காயுமுன் ஆணியால் தேதியைக் கீறு. சுவர் அசைந்தால் பட்டை விரிந்து உடையும். உடைந்தால் ஒரு நாளும் காத்திருக்காதே. அவர்களை இறக்கிவிட்டு நகராட்சிக்குப் போ.

தொலைபேசியில் கேட்டால் "எல்லாம் நல்லபடி" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுத்தில் பதில் வேண்டும்.

அணைத்துக்கொள்ளும்,
ரெமி


சேந்த்-ஓபேர், 9 அக்டோபர் 1988

அன்புள்ள ரெமி,

நலமா? எனக்குச் சளி, போய்விட்டது. மிரேய் கடையிலிருந்து ஏதோ சொட்டு மருந்து கொண்டுவந்தாள், காசு வாங்க மறுத்துவிட்டாள்.

இன்று காலை பட்டையை வைத்தேன். தேதி கீறியிருக்கிறேன்: 9.10.88. திருப்தியா?

செப்டம்பரில் பழைய வீடுகளை ஊருக்குத் திறந்துவிடும் ஞாயிறன்று இருநூறு பேர் வந்தார்கள். தியெரிக்கு அன்று விடுமுறை. தூணருகே நின்றுகொண்டு, நான் அழைக்காமலே, வழிகாட்டி ஆகிவிட்டான். "இந்தப் பன்றிக்கு வயசு ஐந்நூத்தி எட்டு. வீட்டுக்காரம்மாவைவிட மூணு வருஷம் பெரியது." ஒரு கிழவி அவனைக் கைப்பையால் அடித்தாள். நான் சிரித்த சிரிப்பில் புதுக் கண்ணாடி கீழே விழுந்தது.

நீ சொன்னதை அவர்களிடம் சொல்ல இருமுறை வாயைத் திறந்தேன். இந்தக் குளிரில் எங்கே போவார்கள்? வசந்தம் வரட்டும்.

முத்தங்களுடன்,
ஓதில்


ரிமூஸ்கி, 30 அக்டோபர் 1988

என் பெரியவளே,

சளி போனது நல்லது. எங்களுக்கு நேற்று முதல் பனி.

பட்டை எப்படி இருக்கிறது? அதை மட்டும் எழுது, போதும்.

உண்மையைச் சொல்கிறேன். நானே அந்தத் துறைக்கு எழுத உட்கார்ந்தேன். என் கையெழுத்தில் என் பெயரைப் போட்டு, பாதுகாக்கப்பட்ட வீட்டில் இதைச் செய்தவன் நான் என்று எழுத வேண்டும். இங்கே நான் வீடு கட்டிக் கொடுத்துப் பிழைக்கிறவன். தாளைக் கிழித்துவிட்டேன். பட்டை முழுசாக இருக்கும்வரை வீடு நிற்கிறது என்று பொருள். ஏப்ரலில் நானே வந்து முட்டு கொடுக்கிறேன். அதுவரை நீ தினமும் பார்.

ரெமி


சேந்த்-ஓபேர், 13 நவம்பர் 1988

அன்புள்ள ரெமி,

அங்கே பனியில் ஏணி ஏறாதே. லிஸ்ஸின் கைவலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

பட்டை முழுசாக இருக்கிறது.

கல்லறைத் திருநாளுக்கு அம்மாவிடம் செவ்வந்தித் தொட்டி வைத்தேன். மிரேயும் வந்தாள். அவளுக்கென்று இந்த ஊரில் யாருடைய கல்லறையும் இல்லை, என்னோடு நிற்கலாமா என்று கேட்டாள். திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாதை வழுக்கியது என்பதற்காக இருக்கலாம். ஆனால் வீடு வரை விடவில்லை.

மாடிக் கதவை தியெரி இழைப்புளியால் மறுபடி சீவினான். "உங்க கதவு வளருது மத்மசேல், நான்தான் குட்டையாகிக்கிட்டே போறேன்" என்றான். வெங்காய சூப் வைத்தேன், மூன்று பேரும் சாப்பிட்டோம். இந்த வீட்டில் மூன்று தட்டு வைத்து எத்தனை வருடம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

முத்தங்களுடன்,
ஓதில்


ரிமூஸ்கி, 4 டிசம்பர் 1988

ஓதில்,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய்.

கதவை "மறுபடி" சீவினான் என்று எழுதியிருக்கிறாய். கதவு வளராது, ஓதில். வீட்டின் மரச்சட்டம் இறங்குகிறது. சட்டம் இறங்கினால் தூண் இறங்குகிறது. தூண் இறங்கினால் பட்டை உடைந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. பட்டையைப் படம் எடுத்து அனுப்பு.

ரெமி


சேந்த்-ஓபேர், 27 டிசம்பர் 1988

அன்புள்ள ரெமி,

உனக்கும் லிஸ்ஸுக்கும் புத்தாண்டு ஆரோக்கியத்தோடு பிறக்கட்டும்.

படம் இத்துடன் இருக்கிறது. தேதி தெளிவாகத் தெரியும், கூடவே விரலை வைத்திருக்கிறேன், அளவு தெரிவதற்காக. நீ நிம்மதியாகத் தூங்கலாம்.

கிறிஸ்துமஸ் விருந்தை என் சமையலறையில் வைத்தோம். தியெரி மரக்கட்டை வடிவத்தில் கேக் செய்து, அதன் முனையில் சர்க்கரையால் ஒரு பன்றி வைத்திருந்தான். அதன் கையில் நூற்கும் கோல்கூட இருந்தது. யாருக்கும் அதை வெட்ட மனம் வரவில்லை. கடைசியில் மிரேய் கண்ணை மூடிக்கொண்டு தலையை வெட்டி என் தட்டில் வைத்தாள். "வீட்டுக்காரம்மாவுக்குத்தான் தலை." எனக்கு ஒரு கம்பளிப் போர்வையும் வாங்கியிருந்தார்கள். நான் அவர்களுக்கு எதுவும் வாங்கவில்லை. வெட்கமாக இருந்தது.

முத்தங்களுடன்,
ஓதில்


ரிமூஸ்கி, 15 ஜனவரி 1989

என் பெரியவளே,

வாழ்த்துக்கு நன்றி. உன் உடம்பும் நன்றாக இருக்கட்டும். படம் கிடைத்தது. பட்டையில் ஒரு கோடுகூட இல்லை. பட்டறைச் சுவரில் குத்தி வைத்திருக்கிறேன்.

லிஸ் ஒன்று சொன்னாள். நம் நடையில் அடுப்புப் புகை படியும். மூன்று மாதப் பட்டை இவ்வளவு வெள்ளையாக இருக்குமா என்றாள். ஃபிளாஷ் வெளிச்சம் என்றேன்.

ஃபிளாஷ்தானே?

ஏப்ரல் 10ஆம் தேதிக்கு டிக்கெட் பார்க்கிறேன்.

ரெமி


சேந்த்-ஓபேர், 26 பிப்ரவரி 1989

ரெமி,

நலம் விசாரிக்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. லிஸ்ஸுக்கு என் அன்பு.

தொலைபேசியில் மூன்று வாக்கியம்தான் சொன்னேன். நடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். இப்போது எழுதுகிறேன். எழுதிவிட்டு மறுபடி படிக்க மாட்டேன்.

முதல் பட்டை நவம்பர் 2ஆம் தேதி உடைந்தது. நான் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்து, பழைய தேதியையே கீறினேன். ஒரு வாரம் அவகாசம் எடுத்துக்கொள்கிறேன் என்றுதான் அன்று நினைத்தேன். இரண்டாவது பட்டை டிசம்பரில் போயிற்று. படத்தில் நீ பார்த்தது மூன்றாவது, அன்று காலை வைத்தது. அதன் பிறகு எத்தனை வைத்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. அவர்களிடம் சொன்னால் அன்றே போய்விடுவார்கள். போகத்தான் வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் சொல்லவில்லை.

பிப்ரவரி 7 செவ்வாய். பத்து நாள் உறைபனிக்குப் பிறகு அன்று இளகி, கூரையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. தியெரி எட்டு மணிக்கு வந்தான். "இன்னிக்கு ரொட்டி கொஞ்சம் கருகிடுச்சு, மத்மசேல். உங்களுக்குன்னுதான் எடுத்து வச்சேன், வேற யாரு திட்டாம தின்பாங்க?" என்று சொல்லிவிட்டு மேலே போனான். பத்தரை மணிக்கு நடையில் விளக்கைப் போட்டேன். விடியற்காலையில் வைத்த பட்டை இரண்டாக உடைந்து தரையில் கிடந்தது. கீறலில் என் சுண்டுவிரல் நுழைந்தது. மேலே அவனுடைய குறட்டை கேட்டது.

மாடிக்குப் பதினான்கு படி. நான் சமையலறைக்குப் போய் பிளாஸ்டர் கரைத்தேன்.

கிண்ணம் கையில் இருக்கும்போதுதான் சத்தம் கேட்டது. இடிபோல இல்லை. யாரோ பெரிய அலமாரியை இழுப்பதுபோல நீளமாகக் கேட்டது. பிறகு தெருவிலிருந்து வெளிச்சம் உள்ளே வந்தது, வரக்கூடாத இடத்திலிருந்து. மூலை முழுக்கத் தெருவில் கிடந்தது. கட்டிலின் மேல் உத்தரம். தீயணைப்பு வீரர்கள் என்னை வெளியே இழுத்துப் போகும்வரை நான் பிளாஸ்டரைக் கலக்கிக்கொண்டே இருந்தேனாம். எதிர்வீட்டுக்காரர் சொன்னார்.

அவனுக்கு முப்பத்து மூன்று வயது.

ஓதில்


ரிமூஸ்கி, 12 மார்ச் 1989

ஓதில்,

உன் கடிதத்தை லிஸ்ஸிடம் காட்டவில்லை.

நீ செய்ததை எழுதிவிட்டாய். நான் செய்ததையும் எழுதுகிறேன். அந்தப் படத்தைப் பார்த்த கணமே எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாக பிளாஸ்டரோடு வேலை செய்கிறவன் நான். புதுப் பட்டைக்கும் பழைய பட்டைக்கும் வித்தியாசம் தெரியாதவனா? ஃபிளாஷ் என்று சொன்னது லிஸ்ஸுக்காக இல்லை. "ஃபிளாஷ்தானே?" என்று உன்னைக் கேட்டேன், நீ ஆமாம் என்று சொல்வதற்காக. நீ அதைக்கூடச் சொல்லவில்லை. அந்த மௌனத்தையும் நான் பதிலாக எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? விசாரணையில் நீ என்ன சொன்னாய்?

ரெமி


சேந்த்-ஓபேர், 2 ஏப்ரல் 1989

அன்புள்ள ரெமி,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அதுவே எனக்கு ஆச்சரியம்.

விசாரணை முடிந்துவிட்டது. தூணுக்குள் சிமெண்ட் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். யார் செய்தது என்று கேட்டார்கள். அப்பா என்று சொன்னேன். அவர் இறந்து இருபது வருடம் ஆகிறது, அவரை யாரும் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. உன் பெயரை நான் சொல்லவில்லை. பட்டைத் துண்டுகள் இடிபாட்டோடு லாரியில் போய்விட்டன. "பழைய வீடு, பழைய தவறு, உறைபனி" என்று எழுதி மூடிவிட்டார்கள். வீட்டைத் திரும்பக் கட்டப்போகிறார்களாம், அரசு செலவில். பன்றி உடையவில்லை. அதைக் கிடங்கில் வைத்திருக்கிறார்கள்.

ஊரில் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். ரொட்டிக்கடையில் வரிசையில் நின்றால் முன்னால் விடுகிறார்கள்.

நகராட்சி எனக்கும் மிரேய்க்கும் பள்ளிக்குப் பின்னால் இரண்டு அறை கொடுத்திருக்கிறது. ஆமாம், இருவரும் ஒன்றாகத்தான் இருக்கிறோம். அவள்தான் கேட்டாள். அவளுக்குப் பெற்றோர் இல்லை, அவனுடைய பெற்றோர் அவளோடு பேசுவதில்லை. சாயங்காலம் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பாள். நான் கழற்றிவிடுவேன். நேற்று என் தோளில் தலையைச் சாய்த்துச் சொன்னாள்: "உங்களையே நீங்க வதைச்சுக்காதீங்க. ஐந்நூறு வருஷ வீடு, நீங்க என்ன பண்ணியிருக்க முடியும்? நீங்க இல்லன்னா நான் அன்னிக்கே ஆத்துல விழுந்திருப்பேன்."

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன், ரெமி. தடவிக் கொடுத்தேன்.

அவளுக்கு எழுதாதே. உண்மை தெரிந்தால் அவளுக்கு யாருமே இருக்க மாட்டார்கள். இதை அவளுக்காகக் கேட்கிறேன். இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்தேன். யாருக்காகக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். நீ தப்பித்துவிட்டாய். நானும் தப்பித்துவிட்டேன். அப்படியே விட்டுவிடு.

பதில் எழுது.

முத்தங்களுடன்,
ஓதில்


சேந்த்-ஓபேர், 29 ஏப்ரல் 1989

ரெமி,

நீ எனக்குப் பதில் எழுதவில்லை. 10ஆம் தேதி வரவும் இல்லை. செவ்வாயன்று உன் உறை வந்தது, அவள் பெயருக்கு. வீட்டில் நான் மட்டும் இருந்தேன். தபால்காரர் என் கையில் கொடுத்து, "தம்பி எழுதியிருக்காரா, மத்மசேல்? நல்லா இருக்காரா?" என்று கேட்டார். நல்லா இருக்கான் என்றேன்.

நான்கு நாள் அது என் கோட்டுப் பையில் இருந்தது. நூலகத்துக்குப் போனது, கடைக்குப் போனது, பாலத்தின் மேல் நின்றபோதும் இருந்தது. தண்ணீரில் போடுவதற்கு இரண்டு விரலை விரித்தால் போதும். உன் கையெழுத்து, நம் பள்ளிக்கூடத்துக் கையெழுத்து, அவள் பெயரை எவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறாய்.

இன்று சனிக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டே மிரேய் சொன்னாள்: "மத்மசேல், இந்த ரெண்டு ரூமையும் நம்ம ரெண்டு பேரு பேருலயும் எழுதி வாங்கிடலாமா? மூணு வருஷத்துக்கு. நகராட்சியில கேட்டேன், தர்றாங்களாம். உங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க." என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு முதல் சிரிப்பு.

எனக்கு அதைவிட அதிகமாக இந்த உலகத்தில் வேண்டியது எதுவும் இல்லை, ரெமி. அது தெரிந்ததால் எழுந்து போய்க் கோட்டுப் பையிலிருந்து உறையை எடுத்து வந்தேன்.

"கனடாவா? உங்க தம்பியா? எனக்கு எதுக்கு எழுதுறாரு?"

"படி."

"என்ன, முகமெல்லாம் ஒரு மாதிரி ஆகிடுச்சு? உக்காருங்க. நான் சத்தமா படிக்கட்டுமா?"

"வேண்டாம். நீ மட்டும் படி."

கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். ஐந்து தாள் எழுதியிருக்கிறாய். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, அதனால் உனக்கு எழுத ஆரம்பித்தேன். முதல் தாளைப் படிக்கும்போது ஒருமுறை "பாவம்" என்றாள், உன்னைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். இரண்டாவது தாளில் வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தாள். மூன்றாவதை இருமுறை படித்தாள். சன்னலுக்கு வெளியே பள்ளி மைதானத்தில் யாரோ பந்து உதைக்கிறார்கள். நான்காவதைக் கீழே வைத்தாள், மற்ற மூன்றோடும் ஓரம் சேர்த்து, மிகச் சரியாக.

கடைசித் தாளைப் படித்து முடித்துவிட்டாள். இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இத்துடன் நிறுத்துகிறேன். தலையை நிமிர்த்துகிறாள்.